அவிநாசி வரைக்கும்

ஐஸ் பெட்டியின் ஒரு முனை போர்டிகோவுக்குள் வந்துவிட்டது. மறுமுனை இன்னும் கேட்டுக்கு வெளியே, குட்டி யானை வண்டியின் பலகைமேல் இருந்தது. நடுவில் சைக்கிள் நின்றது. தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்த சைக்கிள்.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் எடுங்க. கை வலிக்குது" என்றார் பெட்டியைப் பிடித்திருந்தவர்.

அண்ணன் சாய்சரண் சைக்கிளின் இருக்கையைப் பிடித்து இழுத்தான். சங்கிலி தூணில் உரசியது. கூடையில் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டது.

"சாவி எங்கடி?"

"அம்மாகிட்ட" என்றாள் ஹர்ஷிணி.

"போய் வாங்கிட்டு வா. அப்பா அங்க கெடக்கறாரு, இதுக்குப் பூட்டு ஒரு கேடு."

முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் அப்பா பாலகோபால் கிடந்தார். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பக்கத்து வீட்டு யாஸ்மின் அக்கா கட்டியது. அம்மா கட்டிலின் கால்மாட்டில், சுவரில் முதுகு படாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் சைக்கிளில் போனபோது உடுத்தியிருந்த அதே சுடிதார். முழங்காலுக்குக் கீழே செம்மண் தூசி.

"அம்மா, சைக்கிள் சாவி வேணும்."

அம்மா வெங்கடலட்சுமி தாலிச் சரடை வெளியே எடுத்தாள். சரடில் இரண்டு ஊக்குகள் மாட்டியிருந்தன. பெரிய ஊக்கில் சாவி தொங்கியது. அதைக் கழற்றி மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"திருப்பிக் குடுத்துரு, அம்மணி" என்றாள்.

அவ்வளவுதான். காலையிலிருந்து அம்மா பேசிய வார்த்தைகளை ஹர்ஷிணி மனதுக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தாள். மிகக் குறைவாகத்தான் இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

*

ஹர்ஷிணிக்கு எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் பழக்கம். பகலில் பீளமேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை, மாலையில் கல்லூரி வகுப்பு. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, கேட் வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை பார்ப்பாள். தான் பார்த்தது சரிதானா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. இன்று காலை பார்த்ததிலும் அந்தச் சந்தேகம் இருந்தது.

நேற்று மாலை டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை, இன்றோ நாளையோ என்றார். அம்மா கேட்டுக்கொண்டாள். டாக்டரை கேட் வரை போய் அனுப்பிவிட்டு வந்து, கொள்ளு எடுத்து ஊறப் போட்டாள். அப்பா மூன்று வருடமாகக் கஞ்சி மட்டும்தான் குடிக்கிறார். ஹர்ஷிணிக்குக் கொள்ளு பிடிக்காது. யாருக்கு இது என்று கேட்க நினைத்தாள்.

விடியும் முன்னால் குக்கர் விசில் சத்தத்தில் விழித்தாள். அம்மா சாதத்தை ஹாட்பாக்ஸில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். முன்னறையில் அப்பாவின் மூச்சு மாறியிருந்தது. ஈர மணலில் எதையோ இழுப்பது போன்ற சத்தம். அம்மா போய்க் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியைத் துடைத்தாள். ஷூவின் கயிற்றைக் கட்டினாள்.

"போயிட்டு வாரனுங்க" என்று அவரிடம் சொன்னாள்.

"இன்னைக்கும் போறியாம்மா?"

"போயிட்டு வந்துடறேன், கண்ணு."

வழக்கமாகப் பால் பாக்கெட் வரும் நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். இன்று பால் வந்தது. பேப்பர் வந்தது. பள்ளி வேன்கள் போய் முடிந்தன. ஹர்ஷிணி போன் செய்தாள். போன் சமையலறை மேடையில், உப்பு ஜாடிக்குப் பின்னால் அடித்தது.

அப்பா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் பேச்சும் வலப்பக்கமும் போன பிறகு அவருக்கு மிஞ்சியது கண்ணும் இடது கையும்தான். ஹர்ஷிணி கஞ்சியைக் கரண்டியில் எடுத்து உதட்டில் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. சைக்கிள் மணி கேட்காமல் அவர் வாய் திறப்பதில்லை. மூன்று வருடப் பழக்கம் அது. அம்மா திரும்பி வந்ததும் நேராக ஜன்னலுக்கு வெளியே வந்து மணி அடிப்பாள். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. பிறகு உள்ளே வந்து கை கழுவி, கஞ்சி ஊட்டிக்கொண்டே அன்று போன வழியைச் சொல்வாள்.

"இன்னைக்கு ஹோப் காலேஜ் தாண்டிப் போனனுங்க."

"இன்னைக்கு சின்னியம்பாளையம் வரைக்கும் போனனுங்க. ஒரு பேக்கரில நின்னு டீ குடிச்சேன். நானே ஒருத்தியாத்தான் போனேன்."

"நீலாம்பூர்ப் பாலத்துக்கு அக்கட்ட போயிட்டேன் பாத்துக்கங்க. காத்து அப்படி அடிக்குது. கேக்கறீங்களா?"

அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழியும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். "எப்படித் தாங்கறா பாரு, ஊர்ச் சேதியெல்லாம் சொல்லி ஊட்டறா" என்பார்கள். கட்டிலை ஜன்னலோரம் போட்டதும் அம்மாதான். வாசல் தெரியட்டும், பொழுது போகும் என்றாள். ஹர்ஷிணியும் அதைப் பிரியம் என்றுதான் நினைத்திருந்தாள்.

கடைசி மூச்சு பெரிதாக ஒன்றும் இல்லை. இழுத்தது, விடவில்லை. கண் கேட்டில் இருந்தது. ஹர்ஷிணி மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். நம்பிக்கை வராமல் கைக்கண்ணாடியை எடுத்துவந்து வைத்துப் பார்த்தாள். படியில் வந்து உட்கார்ந்து சாய்சரணுக்குப் போன் போட்டுச் சொல்லி முடித்தபோது கேட் திறந்தது.

அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று மணி அடித்தாள். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

"அடிக்காதம்மா. அப்பா போயிட்டாரு."

அம்மா ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பார்த்தாள். சைக்கிளைத் தூணோரம் நிறுத்தினாள். சங்கிலியைச் சுற்றிப் பூட்டினாள். சாவியை ஊக்கில் மாட்டினாள். பிறகு முன்வாசல் வழியாக வராமல், பக்கவாட்டில் நடந்து சமையலறைக் கதவு வழியாக உள்ளே போனாள்.

ஹர்ஷிணி ஓடிப்போனபோது அம்மா தட்டு எடுத்துப் போட்டிருந்தாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஹாட்பாக்ஸைத் திறந்து சாதம் வைத்தாள். கொள்ளுப் பருப்பைப் போட்டு நெய் விட்டாள்.

"அம்மா?"

"சாப்பிட்டுட்டு வாரேன், கண்ணு."

அந்த வார்த்தையைத்தான் ஹர்ஷிணியால் எங்கேயும் வைக்க முடியவில்லை. அம்மா அவசரப்படவில்லை. பருப்புச் சாதம் முடிந்ததும் ரசம். ரசம் முடிந்ததும் மோர். விரல்களை வழித்தாள். தட்டைத் தொட்டியில் போட்டுக் கை கழுவி, வாய் கொப்பளித்து, துண்டில் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் முன்னறைக்குப் போனாள்.

ஹர்ஷிணி காரணங்களை அடுக்கினாள். வெகுநேரம் சைக்கிள் மிதித்த களைப்பு. சர்க்கரை இறங்கியிருக்கும். அதிர்ச்சியில் சிலர் இப்படிச் செய்வார்களாம். ஒவ்வொரு காரணமும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் விடியும் முன்னால் வைத்த சாதத்துக்கு எந்தக் காரணமும் பொருந்தவில்லை.

*

ஐஸ் பெட்டி வருவதற்குச் சற்று முன்னால் ரங்கநாயகி அத்தை சிங்காநல்லூரிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். அப்பாவின் தங்கை. அழும்போது தெலுங்கு வரும், கோபத்தில் தமிழ் வரும்; அண்ணியைக் கூப்பிடுவது மட்டும் எப்போதும் தெலுங்கில், 'வதினா' என்றுதான். அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு சிறிது நேரம் தெலுங்கில் அழுதாள். எழுந்து மூக்கைச் சிந்தியபோது தமிழுக்கு வந்துவிட்டாள்.

"ஏன் வதினா, விடியக் காலைல அவனை உட்டுப்போட்டு சைக்கிள் ஓட்டப் போனயாமா?"

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"டாக்டர் சொல்லிப்போட்டுப் போன பொறகும்?"

"ஆமாங்க."

"ஆமாங்க, ஆமாங்க! அம்பத்தேழு வயசுல குண்டியத் தூக்கிட்டு ரோட்டுல போறதுக்கு ஒனக்கு வேற நாளு கெடைக்கலயா? உயிர் போற நேரத்துல ஒரு வாய் தண்ணி ஊத்த ஆளில்லாம போயிருச்சே என்ற அண்ணனுக்கு!"

"நான் இருந்தேனுங்க அத்தை" என்றாள் ஹர்ஷிணி.

"நீ இருந்த, சாமி. நீ கொழந்தை. அவன் ஆரைத் தேடுனான், சொல்லு."

ஹர்ஷிணி ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தாள்.

"காரியம் முடியட்டும். மொதல்ல அந்த சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடறேன். புருசனில்லாதவ இனி எங்க போவோணும்?"

அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள்கள் தளரவில்லை.

பெட்டிக்கு வழிவிட, ஹர்ஷிணி சைக்கிளைப் பூட்டவிழ்த்துத் தெருவில் மதிலோரம் சாய்த்தாள். அம்மா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. பக்கவாதம் வந்த சில மாதங்களில், மூடிக்கிடந்த மில்லின் காலி இடத்தில், சாய்சரணின் பழைய பள்ளிக்கூட சைக்கிளில்தான் அம்மா ஆரம்பித்தாள். ஹர்ஷிணி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவாள். ஓட்டப் பழகுகிற மற்றவர்கள் என்றால் "விட்றாத, விட்றாத" என்று கத்துவார்கள். அம்மா முதல் நாளே "விடு" என்றாள். விழுந்தாள். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் மருந்து போடும் முன்னால் அந்தக் காயத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். "விழுந்துட்டனுங்க. நாளைக்கும் போவேன்."

நன்றாக ஓட்ட வந்ததும் அப்பாவின் புல்லட்டை விற்று இந்த சைக்கிளை வாங்கினாள். விற்ற அன்று கட்டில் ஜன்னலோரம்தான் இருந்தது. வாங்க வந்தவர் வண்டியைத் தெருவில் இறக்கி, எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஹாரனை அடித்தார். சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா மாவுக் கையோடு பாதி எழுந்துவிட்டாள். எழுந்தபடியே சிறிது நேரம் நின்று, மறுபடி உட்கார்ந்தாள்.

அந்த ஹாரன் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அப்பா மில்லிலிருந்து வந்தால் இறங்க மாட்டார். கேட்டின் கொக்கி, வெளியிலிருந்து கையை விட்டாலே திறந்துவிடும். ஆனாலும் ஹாரன்தான். குளித்துக்கொண்டிருந்தாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும் அம்மாதான் ஓடிவந்து திறக்க வேண்டும். பிள்ளைகள் திறந்தால் அவர் உள்ளே வராமல் மறுபடி அடிப்பார். எத்தனை நேரமானாலும் அந்தச் சத்தம் கேட்காமல் அம்மா சாப்பிட்டதில்லை.

ஹர்ஷிணி மதிலோரம் நின்றுவிட்டாள். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. சைக்கிள் மணியை அவள் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

*

"இது ஆரு தட்டு?"

அத்தை சமையலறைத் தொட்டியருகே நின்றிருந்தாள். எழவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, உடலை எடுக்கும்வரை யாரும் சாப்பிடக்கூடாது. அண்ணி வீட்டில் அது சரியாக நடக்கிறதா என்று பார்க்க வந்தவள் போலிருந்தது. தட்டில் ஒரு கறிவேப்பிலையும் மோர்த் தடமும் காய்ந்து கிடந்தன.

ஹர்ஷிணிக்கு யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

"என்றதுதாங்க அத்தை."

"எப்ப?"

"காலைல... அப்பா போறதுக்கு முன்னாடி."

அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கினாள். "சரி, சின்னப் புள்ள. கழுவிப் போடு. ஒங்கம்மாளுக்குத்தான் ஒரு வாய் தண்ணிகூட எறங்கல போல. வாய் வெடிச்சுக் கெடக்குது."

ஹர்ஷிணி தட்டைக் கழுவினாள். நன்றாகத் தேய்த்தாள். அடுக்கில் கவிழ்த்து வைத்தாள். பிறகு எடுத்துப் பார்த்து, மறுபடி கழுவினாள்.

மதியத்துக்கு மேல் அவிநாசியிலிருந்து லட்சுமணசாமி மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பிறந்த வீட்டுக் கோடிப் புடவை இருந்த பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். பெட்டிக்குள் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து மதிலோரம் நின்ற சைக்கிளையே பார்த்தார்.

"இதுலதான் வந்தா" என்றார் ஹர்ஷிணியிடம்.

"யாருங்க மாமா?"

"அக்காதான். காலைல நான் பல்லு வெளக்கிட்டு இருக்கேன், ஊட்டு முன்னால சைக்கிள்ல வந்து நிக்கறா. பீளமேட்டுலருந்து மிதிச்சே வந்திருக்கறா! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உள்ள வாக்கா, டிபன் சாப்பிடுன்னேன். வேண்டாம், ஊட்டுல சோறு வெச்சிருக்கேன்னா. ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சா. எங்கப்பா படுத்திருந்த ரூமை மட்டும் தொறக்கச் சொன்னா. இப்ப அதுல நெல்லு மூட்டை போட்டு வெச்சிருக்கறோம். வாசப்படில நின்னு பாத்தா. அப்பறம் கெளம்பிட்டா."

"ஒண்ணும் சொல்லலீங்களா?"

"ஒங்கப்பா எப்படியிருக்காருன்னு கேட்டேன். 'காத்துட்டு இருக்காரு'ன்னா."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கென்ன தெரியும், கண்ணு. கடைசி நேரத்துல அப்பனுக்குச் சொல்லிக்க வந்தாளோ என்னவோ. அவதான் எங்கப்பா போன அன்னிக்கு மொகத்தைப் பாக்கவே இல்லையே. பொழுது சாயற வரைக்கும் வெச்சிருந்தோம். அதுக்கு மேல எப்படி வெக்கறது? நாங்க எடுத்துட்டுத் திரும்பி வர்றோம், இவங்க வண்டி வருது."

"ஏன் லேட்டாச்சு?"

மாமா எதையோ சொல்ல வந்து, உள்ளே பெட்டியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அதெல்லாம் எதுக்கு இப்ப."

*

நான்கு மணி வாக்கில் அழுகை ஓய்ந்தது. யாஸ்மின் அக்கா பிளாஸ்கில் டீ கொண்டுவந்து பெண்களுக்கு ஊற்றினாள். டீ குடித்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால், எழவு வீடாக இருந்தாலும், சிரிப்பும் கொஞ்சம் வரும்.

"என்ற அண்ணன் மாதிரி சாமர்த்தியம் ஆருக்கு வரும்?" என்று அத்தை ஆரம்பித்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "வதினாவோட அப்பா தவறிட்டாரு பாருங்க, அவிநாசில. அப்பெல்லாம் ஊட்டுக்கு ஏது போன்? சேதி மில்லுக்குத்தான் வரும். மத்தியானமே வந்திருச்சு. இவன் என்ன பண்ணுனான்? வேலையை முடிச்சுட்டுச் சாயங்காலமாத்தான் ஊட்டுக்கு வந்தான். ஹாரன் அடிச்சான். வதினா வந்து கேட்டைத் தொறந்தா. ஒண்ணும் சொல்லல. கை கழுவிட்டு வந்து உக்காந்தான். சோறு போடுன்னான்."

யாரோ ஒருத்தி இப்போதே சிரிக்கத் தொடங்கியிருந்தாள். கதை அவர்களுக்குத் தெரியும். ஹர்ஷிணிக்கும் தெரியும். சிறுமியாக இருந்தபோது கல்யாண வீடுகளில் அப்பாவே இதைச் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். பெரியவளான பிறகு யாரும் சொல்லவில்லை. மறந்துபோயிருந்தது.

"கொள்ளுப் பருப்பு போட்டு நெய்யி ஊத்திச் சாப்பிட்டான். பொறகு ரசம். பொறகு மோரு. அவசரமே இல்ல. கையக் கழுவி, துண்டுல தொடச்சிட்டு, அப்பறம் சொல்றான், 'வெங்கடலட்சுமி, ஒங்கப்பன் போயிட்டாராம்.' ஏன்டா அப்பவே சொல்லலன்னு எங்கம்மா கேட்டா. 'சொல்லியிருந்தா சோறு போட்டிருப்பாளா?'ங்கறான்!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள், சிரிப்பிலேயே அழுகை வந்து, "பாவி, இனி ஆரு எனக்கு இப்படிச் சொல்லிச் சிரிக்க வெப்பா" என்று டம்ளரைக் கீழே வைத்தாள்.

ஹர்ஷிணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தில் ஒன்றுமில்லை. தன் வலது கையைப் புரட்டி, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொள்ளுப் பருப்பு, ரசம், மோர். ஹர்ஷிணி காலையில் பார்த்ததை ஒருமுறை சரிபார்த்தாள். இன்னொரு முறை சரிபார்க்கத் தேவையிருக்கவில்லை.

எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

*

எடுக்கும் நேரம் வந்தது. அந்த வீட்டு வழக்கப்படி உடலைத் தூக்கும் முன்னால் தாலியை வாங்க வேண்டும். அம்மாவைக் குளிக்கவைத்துக் கோடிப் புடவை உடுத்தி, பூவும் பொட்டும் வைத்து அழைத்துவந்தார்கள். அத்தைதான் சரடைக் கழற்றினாள். அம்மாவின் கழுத்து அசையவில்லை. பால் சொம்பில் சரடு விழுந்தபோது ஊக்குகள் கணீரென்று சத்தமிட்டன.

அமரர் ஊர்தி தெருமுனையில் திரும்பி, கேட்டுக்கு முன்னால் வந்து ஹாரன் அடித்தது. ஒரே ஒரு முறை. பழகிப்போன சில தலைகள் அம்மாவின் பக்கம் திரும்பின. அம்மா இருந்த இடத்திலேயே நின்றாள். ஆண்கள் ஓடிப்போய்த் திறந்தார்கள்.

பெட்டியைத் தூக்கியபோது அம்மா அப்பாவின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். எல்லோரும் அவள் கதறுவாள் என்று காத்திருந்தார்கள்.

"அவிநாசி வரைக்கும் போயிட்டு வந்தனுங்க" என்றாள்.

துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று ஒருத்தி அவளை அணைத்துப் பிடித்தாள்.

ஆண்கள் மின்மயானத்துக்குப் போனார்கள். சாய்சரண் தன் காரில் பின்னால் போனான். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைமுழுகிவிட்டு வந்தார்கள். சொந்தக்காரர்கள் வெளியிலிருந்து சாப்பாடு வரவழைத்திருந்தார்கள். முன்னறையில் கட்டில் இருந்த இடம் ஈரமாகக் காலியாகக் கிடந்தது. அங்கேயே இலை போட்டார்கள்.

அத்தை ஒரு இலையை அம்மாவின் முன்னால் விரித்து, சாதக் கரண்டியோடு குனிந்தாள். கோபமெல்லாம் கரைந்திருந்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"ரெண்டு வாய் சாப்பிடு வதினா. காலைலருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. நான் ஏதோ ஆத்திரத்துல பேசிப்போட்டேன், மனசுல வெச்சுக்காத."

"எனக்கு வேண்டாங்க" என்றாள் அம்மா. "நான் சாப்பிட்டாச்சுங்க."

"எப்பச் சாப்பிட்ட?"

"காலைலதாங்க. தொட்டில ஒரு தட்டு கெடந்துதுங்களே, அது என்றதுங்க."

அத்தை ஹர்ஷிணியைப் பார்த்தாள். ஹர்ஷிணி பார்வையை விலக்கவில்லை.

"அம்மணி வந்து சொன்னா, அப்பா போயிட்டாருன்னு. சாப்பிட்டுட்டுத்தாங்க போய்ப் பாத்தேன்." அம்மாவின் குரலில் மரியாதை ஒரு இழைகூடக் குறையவில்லை. "கொள்ளுப் பருப்புங்க. பொறகு ரசம், மோரு."

கரண்டியில் இருந்த சாதம் இலையிலும் விழவில்லை, பாத்திரத்துக்கும் போகவில்லை. அத்தையின் வாய் திறந்து, ஒரு தமிழ் வார்த்தையும் வராமல், தெலுங்கு வார்த்தையும் வராமல் மூடியது. பக்கத்து இலைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. யாஸ்மின் அக்கா தண்ணீர்ச் செம்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

அம்மா ஹர்ஷிணியின் பக்கம் கையை நீட்டினாள். ஹர்ஷிணி சாவியைக் கொடுத்தாள். மாட்டிக்கொள்ள இப்போது சரடு இல்லை. கோடிப் புடவையின் முந்தானை நுனியில் சாவியை வைத்து முடிந்தாள். புதுப்புடவையின் கஞ்சி விறைப்பில் முடிச்சு நிற்கவில்லை. அவிழ்த்து, இன்னும் இறுக்கமாக முடிந்தாள்.

வாசலில் கார் வந்து நின்றது. சாய்சரணின் கார். ஹாரன் அடித்தான். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அவன் அதை யோசித்து அடித்திருக்க மாட்டான்.

அத்தை கரண்டியோடு வாசலைப் பார்த்தாள். ஹர்ஷிணி எழப் போனாள். அம்மாவின் கை அவள் முழங்கால்மேல் வந்து அமர்ந்தது. கனமான கை. உள்ளங்கையில் சைக்கிள் பிடி அழுத்திக் காய்த்த இடங்கள் துணி வழியாகவும் சொரசொரத்தன.

மறுபடி ஹாரன் அடித்தது. இந்த முறை கொஞ்சம் அதிக நேரம்.

யாரும் எழவில்லை. சிறிது நேரம் கழித்து, கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்புக் காலடி. பிறகு, கேட்டுக்கு வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நுழைந்து கொக்கியைத் தடவித் தேடும் சத்தம்.